நோன்பு மாதமும் சர்க்கரை மாத்திரையும்: ஒரு டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை

டெல்டாவில் முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த ஊர் ஒன்றில் பொது மருத்துவம் பார்க்க உட்காருகிற யாருக்கும் ரமலான் மாதம் ஒரு தனிப் பரீட்சை. அதற்கான பாடத்தை எங்கள் படிப்பில் யாரும் நடத்தவில்லை. இன்சுலின் அளவு, மாத்திரை அளவு எல்லாம் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை சாப்பிடுகிறவரை வைத்தே கற்றுத்தரப்பட்டது. விடியலுக்கு முன் ஒரு சாப்பாடு, அந்தி சாய்ந்து ஒரு சாப்பாடு, நடுவில் பதின்மூன்று மணி நேரத்துக்குப் பச்சைத்தண்ணீர்கூடக் கிடையாது என்கிற மாதம் வந்தபோது, ஒவ்வொன்றையும் தனியாகத் தட்டுத்தடுமாறித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முதல் ரமலான் முழுக்க மாலை நான்கு மணிக்கு மேல் போன் அடித்தாலே வயிற்றைக் கலக்கும். அடுத்த ரமலானுக்கு இப்படி ஒரு ஊரில் உட்காரப் போகிற டாக்டருக்கும் நர்ஸுக்கும், வீட்டில் சர்க்கரை உள்ள அத்தாவோ உம்மாவோ இருக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, நோயாளி உங்களிடம் சொல்லாமலே நோன்பு வைப்பார். பதின்மூன்று நாடுகளில் 12,243 பேரிடம் நடத்தி 2004-ல் வெளியான எபிடியார் என்ற ஆய்வில், டைப் 2 சர்க்கரை உள்ளவர்களில் சுமார் 79 சதவீதமும், டைப் 1 உள்ளவர்களில் சுமார் 43 சதவீதமும் குறைந்தது பதினைந்து நாளாவது நோன்பு வைத்திருந்தார்கள். அதே ஆய்வில் டைப் 2 நோயாளிகளுக்குக் கடுமையான தாழ்சர்க்கரை (ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது) மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு கூடியிருந்தது. ஆக ஓ.பி.யில் உட்கார்ந்து "சுகர் இருக்குல்ல, நோன்பெல்லாம் வைக்கக் கூடாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் நோன்பு நிற்பதில்லை, உங்களிடம் சொல்வதுதான் நிற்கிறது. அதற்குப் பிறகு மாத்திரையை எப்போது போடுவது என்று அவரே முடிவு செய்வார், அல்லது பக்கத்து வீட்டுப் பாயிடம் கேட்பார், அல்லது ஒரு மாதத்துக்கு மொத்தமாக நிறுத்திவிடுவார். "நோன்பு வச்சிருக்கேன்னு சொன்னா ஏசுவீங்கன்னுதான் சொல்லல டாக்டரம்மா" என்று ஒரு பாட்டி சொன்ன காரணத்தையே வெவ்வேறு வாயால் பல தடவை கேட்டாயிற்று. கோபம் வரத்தான் செய்யும். அதை முகத்தில் காட்டினால் அடுத்த தகவல் உங்களுக்கு வராது. கேள்வியை மாற்றிப் போடுங்கள். "நோன்பு வைப்பீங்களா?" என்று கேட்டால் அதில் ஒரு தடை இருப்பதாக அவர் காதில் விழும். "போன ரமலான்ல எத்தனை நோன்பு வச்சீங்க? எதையாவது நடுவில் முறிக்க வேண்டி வந்துச்சா?" என்று கேட்டால் கதை முழுக்கக் கொட்டும்.

இந்தப் பேச்சை எப்போது தொடங்குவது என்பதுதான் அடுத்தது. சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பும் நீரிழிவு-ரமலான் கூட்டணியும் சேர்ந்து வெளியிட்ட 2021 வழிகாட்டி, ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே நோயாளியைப் பார்த்துவிடச் சொல்கிறது. அப்போதே ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை) இரண்டும் எடுத்துவிடலாம். நடைமுறையில் யாரும் எட்டு வாரம் முன்னால் வருவதில்லை. நாம் பிடிக்கக்கூடிய கடைசிப் பேருந்து பராஅத் இரவு. ஷஃபான் மாதத்தின் பாதியில் வரும் அந்த நாளையொட்டிப் பலர் உபரி நோன்பு வைப்பார்கள். ரமலானுக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கும். அந்த ஒன்றிரண்டு நோன்பையே வெள்ளோட்டமாகப் பயன்படுத்தி, மாற்றிய மருந்தளவில் சர்க்கரை எப்படி நிற்கிறது என்று குளுக்கோமீட்டரில் பார்த்துவிடச் சொல்லலாம். இதற்கெனத் தனியாக நோன்பு வைக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டியதில்லை, அவர்களே வைப்பார்கள். ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால் உங்கள் கேலண்டரில் இந்தத் தேதியை ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் குறித்துக்கொள்ளவும் வேண்டும்.

யார் வைக்கவே கூடாது என்று நாம் உறுதியாகச் சொல்ல வேண்டிய ஆட்கள் உண்டு. கடந்த மூன்று மாதத்துக்குள் தாழ்சர்க்கரையில் மயங்கி விழுந்தவர், கீட்டோஅசிடோசிஸில் (இன்சுலின் போதாமல் ரத்தத்தில் அமிலம் ஏறும் நிலை) அட்மிட் ஆனவர், சர்க்கரை இறங்குவதே உடம்புக்குத் தெரியாதவர், டயாலிசிஸில் இருப்பவர் அல்லது சிறுநீரகம் வெகுவாகக் கெட்டவர், சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், சர்க்கரைக்கு இன்சுலின் போடும் கர்ப்பிணி. இந்த வழிகாட்டியில் மதிப்பெண் முறை ஒன்றும் இருக்கிறது. மூன்று வரை குறைந்த ஆபத்து, மூன்றரை முதல் ஆறு வரை நடுத்தரம், ஆறுக்கு மேல் உயர் ஆபத்து. இதைச் சொல்லும்போது மருத்துவக் காரணத்தோடு நிறுத்தினால் எடுபடாது. நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை உண்டு, வேறு நாட்களில் வைத்துக்கொள்ளலாம் என்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 184, 185-ஆம் வசனங்களிலேயே இருக்கிறது. தீராத நோய் என்றால் விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா உண்டு. இது நோயாளிக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். ஆனால் "உங்க நோய் அந்தச் சலுகைக்குள்ள வருது" என்று டாக்டர் வாயால் கேட்பது வேறு. மார்க்கத் தீர்ப்பை நாம் சொல்லக் கூடாது. மருத்துவ நிலையை ஒரு தாளில் தெளிவாக எழுதி, "இதைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் காட்டிக் கேளுங்க" என்று அனுப்பினால் போதும். ஒரு ஹஜ்ரத்தோடு ஒரு தடவை உட்கார்ந்து பேசி, ரமலானுக்கு முந்தைய ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையில்) மூன்று விஷயத்தைச் சொல்ல வைத்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும்: விரலில் குத்தி ரத்தம் பார்த்தால் நோன்பு முறியாது, இன்சுலின் ஊசி போட்டால் முறியாது, உயிருக்கு ஆபத்து என்றால் நோன்பை முறித்தே ஆக வேண்டும். ஆஸ்துமா இன்ஹேலர், காதுச் சொட்டு போன்றவற்றில் மார்க்க அறிஞர்களான ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஒரே ஊரில் ஷாஃபி வீடும் ஹனஃபி வீடும் (மார்க்கச் சட்டத்தில் இரு வேறு பிரிவுகள்) அடுத்தடுத்து இருக்கும், ஒருவருக்குக் கிடைத்த பதிலை இன்னொருவருக்குச் சொல்லிவிடாதீர்கள்.

இனி மருந்துச் சீட்டு. நாம் எல்லோரும் கை வழக்கத்தில் எழுதுகிற 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) ரமலானில் ஆளைக் கொல்லும். கலப்பு இன்சுலின் (30/70) போடும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகக் காலை 24 யூனிட், இரவு 16 யூனிட். ரமலான் பிறந்ததும் அவர் என்ன செய்வார்? காலை ஊசியை சஹரில் (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டு வேளையில்), இரவு ஊசியை நோன்பு திறக்கையில் போடுவார். அவர் கணக்கில் அது சரிதான், சீட்டில் அப்படித்தானே இருக்கிறது. ஆனால் பெரிய டோஸைப் போட்டுக்கொண்டு பதின்மூன்று மணி நேரம் பட்டினி கிடக்கப் போகிறார். பிற்பகல் மூன்று மணிக்குச் சர்க்கரை ஐம்பதில் நிற்கும். செய்ய வேண்டியது நேர்தலைகீழ். காலை டோஸ் 24-ஐ அப்படியே நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்ற வேண்டும். இரவு டோஸ் 16-ஐ நான்கில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைத்து, அதாவது 8 முதல் 12 யூனிட்டுக்குள், சஹரில் போட வேண்டும். ஒரு வேளை மட்டும் போடும் நீண்ட நேர இன்சுலின் என்றால் நோன்பு திறக்கும் நேரத்துக்கு நகர்த்தி 15 முதல் 30 சதவீதம் குறைப்பது வழக்கம். இவை தொடக்கக் கணக்கு, முதல் மூன்று நாள் அளவைப் பார்த்துத் திருத்தியே ஆக வேண்டும். வீட்டில் இதைப் படிக்கிறவர்கள் தாங்களாக மாற்றாமல் இந்தக் கேள்வியோடு டாக்டரிடம் போங்கள்.

மாத்திரையில் மெட்ஃபார்மின் சாது. ஒரு வேளை என்றால் நோன்பு திறந்ததும், இரு வேளை என்றால் இரண்டு சாப்பாட்டோடும், மூன்று வேளை என்றால் மதிய மாத்திரையை நோன்பு திறக்கும் வேளையோடு சேர்த்து. விழிப்பாக இருக்க வேண்டியது கிளிமிபிரைடு வகையில். இரு வேளை எடுப்பவருக்கு நோன்பு திறக்கும் டோஸை அப்படியே விட்டு, சஹர் டோஸைப் பாதியாக்க வேண்டும். டாவோனில் என்று ஊரறிந்த கிளிபென்கிளமைடை இந்த மாதத்துக்கு வேறு மருந்தாக மாற்றிவிடுவதே நல்லது. இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊரில் பெரும்பாலோர் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் ஒன்றாகக் கலந்த மாத்திரையைத்தான் விழுங்குகிறார்கள். "சஹருக்குப் பாதி போடுங்க" என்றால் அரிவாள்மனையில் வைத்து வெட்டிவிடுவார்கள். அதில் இருக்கும் மெட்ஃபார்மின் மெதுவாகக் கரையும் வகை, உடைத்தால் அந்தக் குணம் போய்விடும். ஆகவே சஹருக்கு மட்டும் குறைந்த கிளிமிபிரைடு அளவுள்ள தனி அட்டையோ, வெறும் மெட்ஃபார்மினோ எழுதுங்கள். மூன்று மாத மாத்திரையை மொத்தமாக வாங்கி வைத்திருப்பவர் முகம் சுளிப்பார். பழைய அட்டை பெருநாளுக்கு அப்புறம் ஆகும், வீணாகாது என்று சொல்லிவிடுங்கள். டாபாகிளிஃப்ளோசின் போன்ற சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகளை ரமலான் நெருங்கும்போது புதிதாகத் தொடங்காதீர்கள், ஏற்கெனவே எடுப்பவர் நோன்பு திறந்ததும் போட்டு இரவில் நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். தைராய்டு மாத்திரையை எல்லோரும் மறந்துவிடுகிறோம். சஹர் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்து போடலாம். அது முடியாதவர் நோன்பு திறந்து சாப்பிட்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் கழித்துப் படுக்கும்போது போடலாம்.

சீட்டில் 1-0-1 என்பதை அடித்துவிட்டு "சஹர் / நோன்பு திறந்ததும் / தராவீஹ் முடிந்து" என்று (தராவீஹ் ரமலான் இரவுத் தொழுகை) மூன்று கட்டம் போட்டு அதற்குள் எண்ணை எழுதினால் கடைக்காரருக்கும் புரிகிறது, வீட்டில் மாத்திரை எடுத்துக்கொடுக்கும் மருமகளுக்கும் புரிகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் தன்னார்வலரிடமும் இந்தச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

இவ்வளவு செய்தும் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. "சஹருக்கு எழுந்து சாப்பிடுறீங்களா, இல்ல படுக்கும்போதே சாப்பிட்டுடுறீங்களா?" என்று கேட்காமல் எந்தக் கணக்கும் போடாதீர்கள். வயதானவர்கள், தனியாக இருப்பவர்கள், கடையடைத்துவிட்டுப் பதினொன்றரை மணிக்கு வருகிறவர்கள் பலர் தராவீஹ் முடிந்து வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். நாலரை மணிக்கு எழுந்து ஒரு மடக்குத் தண்ணீர், நிய்யத் (நோன்பு வைக்கும் உறுதி), அவ்வளவுதான். அவருக்கு நோன்பு பதின்மூன்று மணி நேரம் இல்லை, பதினெட்டு மணி நேரம். "சஹர்ல போடுங்க" என்று நாம் எழுதிய இன்சுலினை அவர் அந்த ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டுக்கொள்வார். சாப்பாடு இல்லையேல் அந்த ஊசி இல்லை என்பதைச் சீட்டிலேயே எழுதுங்கள். முடிந்தவரை சஹரைத் தள்ளி, விடியல் தொழுகைக்கான ஃபஜ்ர் பாங்குக்குச் சற்று முன் சாப்பிடச் சொல்லுங்கள். சில வீடுகளில் சஹர் சோற்றைப் பாலும் வாழைப்பழமும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து முடிப்பார்கள். அதற்குப் பதில் முட்டையோ பருப்போ காய்கறியோ சேர்ந்தால் பசி தாங்கும், சர்க்கரையும் சட்டென்று ஏறி இறங்காது.

முதல் வாரத்தில் வரும் ஆபத்து நோன்புக் களைப்பு என்ற பெயரில் வரும். ளுஹர் (மதியத் தொழுகை) தொழுதுவிட்டு வந்து படுத்த மனிதர் அசருக்கு (மாலைத் தொழுகை) எழவில்லை. நோன்பில்லையா, அசந்து தூங்குகிறார் என்று வீட்டில் யாரும் எழுப்ப மாட்டார்கள். பனியனின் முதுகுப்பக்கம் சொதசொதவென்று நனைந்திருக்கும், நெற்றி வேர்த்துச் சில்லிட்டிருக்கும், எழுப்பினால் பேச்சு குழறும், சும்மா இருக்கிறவர் எரிந்து விழுவார். அந்த நிமிடமே விரலில் குத்திப் பார்க்க வேண்டும். எழுபதுக்குக் கீழ் என்றால் நோன்பு திறக்க ஐந்து நிமிடம் இருந்தாலும் முறிக்க வேண்டும், முந்நூறுக்கு மேல் போனாலும் முறிக்க வேண்டும். "இன்னும் அரை மணி நேரம்தானே டாக்டரம்மா" என்பதுதான் அதிகம் கேட்கும் வாக்கியம், அந்த அரை மணியில்தான் வலிப்பும் வரும். நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடு எடுப்பவருக்குக் குளுக்கோஸ் ஏற்றி நினைவு திரும்பியதும் "சரியாயிடுச்சு, கூட்டிட்டுப் போறோம்" என்று கிளம்பிவிடக் கூடாது. அந்த மருந்தின் வேலை ஒரு நாள் வரை நீளும், நள்ளிரவில் சர்க்கரை மறுபடி விழும். தனியார் ஆஸ்பத்திரி ஐசியூவில் அந்த ஒரு ராத்திரிக்கு ஐந்து இலக்கத்தில் பில் வரும், கூட இருக்கும் பிள்ளைக்கு இரண்டு நாள் வேலை போகும். இதைத் தவிர்க்கத் தேவைப்பட்டது இருபது ரூபாய் சொச்சத்துக்கு ஒரு குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப். அதை நினைத்தால்தான் மனசு ஆறாது.

ஸ்ட்ரிப் விஷயத்தில் வழிகாட்டியில் உள்ளபடி நாளைக்கு ஏழு தடவை பார்க்கச் சொன்னால் மாதத்துக்கு இருநூறுக்கு மேல் வேண்டும். யாராலும் முடியாது. முடியாததைச் சொன்னால் ஒரு தடவைகூடப் பார்க்க மாட்டார்கள். இன்சுலின் போடுகிறவர் முதல் மூன்று நாளும், அளவு மாற்றும்போதெல்லாம் அடுத்த இரண்டு நாளும், பிற்பகல் மூன்று மணி, நோன்பு திறப்பதற்குச் சற்று முன், திறந்து இரண்டு மணி நேரம் கழித்து என மூன்று தடவை பார்த்தால் பெரும்பாலும் போதும், உடம்பு என்னவோ செய்தால் எந்நேரமும் பார்க்க வேண்டும் என்பது என் கணிப்பு. லேபில் எழுதிக்கொடுக்கும் சாப்பிட்ட இரண்டு மணி நேரச் சோதனை இந்த மாதம் தராவீஹ் நேரத்தில் போய் விழும், யாரும் வர மாட்டார்கள். மாலை ஓ.பி.யும் அப்படித்தான். ஐந்திலிருந்து எட்டு மணி வரை டோக்கன் போட்டால் வந்தவரும் ஆறரைக்கு எழுந்து போய்விடுவார், அதோடு பெருநாள் வரை தலைகாட்ட மாட்டார். காலைப் பத்து மணிக்கு ஒரு நேரம், தராவீஹ் முடிந்து ஒன்பதரைக்கு ஒரு நேரம் என்று மாற்றினால் கூட்டம் தானாக வரும். இடையில் மாட்டிக்கொண்டவர்களுக்காக மேசையில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் இருக்கட்டும்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது நோன்புக் கஞ்சியை வில்லனாக்காதீர்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொஞ்சம் கறி, தேங்காய்ப்பால் போட்டுக் காய்ச்சும் அது, பள்ளிவாசலிலிருந்து தூக்கில் வருவது, வேண்டாம் என்று சொன்னால் சொன்ன ஆளைத்தான் வேண்டாம் என்பார்கள். ஒரு டம்ளர் கஞ்சி, ஒன்றோ இரண்டோ பேரீச்சம்பழம் என்றால் குற்றமில்லை. சர்க்கரையை ஏற்றுவது கஞ்சியைச் சுற்றி வருபவை: சமோசா, வடை, சர்பத், கடற்பாசி இனிப்பு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பரோட்டா. இதில் எதை விட முடியும் என்று அவரையே கேளுங்கள். பெரும்பாலோர் சர்பத்தை விட்டுவிடுகிறார்கள், கடற்பாசியை யாரும் விடுவதில்லை.

பெண் நோயாளிகளிடம் இன்னும் இரண்டு விஷயம். இ.சி.ஜி. எடுக்கப் பெண் ஊழியரும் ஒரு திரையும் இல்லையென்றால் நெஞ்சு வலியையே சொல்லாமல் போவார்கள். மாதவிலக்கு நாட்களில் நோன்பு கிடையாது என்பதால் அந்த நாட்களுக்குப் பழைய மருந்தளவு வேண்டும், அதைக் கணவர் உடன் இருக்கும்போது கேட்கவே மாட்டார்கள். நாமே சீட்டின் பின்பக்கம் "நோன்பில்லாத நாளில்" என்று தலைப்பிட்டு எழுதிக் கொடுத்துவிடலாம். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் வகை ஊசி போட வேண்டி வந்தால் அது பன்றியிலிருந்து எடுக்கப்படுவது என்பதை மறைக்காமல் சொல்லி, மாற்று இருந்தால் அதையும் சொல்லுங்கள். இன்றைய இன்சுலின் அப்படியில்லை, ஆய்வகத்தில் நுண்ணுயிர் வழியாகத் தயாராவது. பழைய சந்தேகம் இன்னும் பல வீட்டில் இருக்கிறது.

பெருநாள் காலையில் பிரியாணியோடு எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. மாற்றிய இன்சுலின் கணக்கை அப்படியே தொடர்கிறவர்கள் ஷவ்வால் (ரமலானுக்கு அடுத்த மாதம்) இரண்டாம் வாரம் சர்க்கரை எகிறி வந்து நிற்பார்கள். எந்தத் தேதியில் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும் என்பதை ரமலான் சீட்டிலேயே எழுதுங்கள். அதே ஷவ்வாலில் பலர் ஆறு நோன்பு வைப்பார்கள், பெண்கள் விட்டுப்போன களா நோன்பையும் அதோடு தொடங்குவார்கள். அந்த நாட்களுக்கு மறுபடி ரமலான் அளவு. இதைச் சொல்லாமல் விட்டதால் பெருநாளுக்குப் பின் தாழ்சர்க்கரையில் வருகிறவர்களும் உண்டு. ஆகவே ரமலான் சீட்டைக் கிழித்துப்போடாமல் மாத்திரை டப்பாவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.